மேடைக்கு வர முடியாதவர்கள்

லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோவில் பீகோ நிலையத்தில் இறங்கினால், கிராமி அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். கார் இல்லாமல் இந்த ஊரில் எங்கும் போக முடியாது என்று பலர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த ஒரு வழிக்கு அது பொருந்தாது. அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள நடைபாதையில் வெண்கலத் தட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம், அந்த வருஷத்துக்கான கிராமி வெற்றியாளர்களின் பெயர்கள். அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் அவற்றின் மேலேயே விறுவிறுவென்று நடந்து போகிறார்கள். எழுத்தை மிதிக்கக் கூடாது என்று வளர்ந்த கால்களுக்கு அது கைகூடவில்லை. ஒதுங்கி ஒதுங்கியே வாசல் வரை போனேன்.

2008 டிசம்பரில், கிராமி விருதின் 50 ஆண்டு நிறைவையொட்டித் திறந்த கட்டடம் இது. லிஃப்டில் மேலே போய், ஒவ்வொரு தளமாகப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி வர வேண்டும். பாப், ராக், ஜாஸ், ராப் என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. நான் வந்தது லத்தீன் கிராமியின் வரலாற்றைப் பார்க்க. ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் பாடுகிறவர்களுக்காக 2000ஆம் ஆண்டிலிருந்து தனியாக வழங்கப்படும் விருது அது.

விருதுக் கண்காட்சி என்றால் முதலில் கண்ணில் படுவது உடைகள்தான். ஜிகினா, சரிகை, இறகு, தரையைத் தொடும் கவுன்கள். பார்வையாளர்கள் அங்கேதான் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாத்தியங்களின் பக்கம் கூட்டம் குறைவு. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குவாச்சராக்கா இருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளமுள்ள ஒரு பிரம்பு. அதன் உடம்பெல்லாம் நெருக்கமாகக் குறுக்கு வெட்டுகள். பக்கத்தில் கம்பிப் பற்கள் கொண்ட ஒரு சிறிய முள். முள்ளால் பிரம்பைச் சுரண்டினால் தாளம். கொலம்பியாவின் கரீபியன் கரையில் பிறந்த வயேனாத்தோ இசைக்கு மூன்று வாத்தியங்கள் போதும். இந்தப் பிரம்பு அந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. காஹா என்கிற சின்ன மத்தளம் ஆப்பிரிக்க அடிமைகளின் பேரப்பிள்ளைகளுடையது. பொத்தான் அக்கார்டியன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தது. ஒரு கண்டத்துக்கு நேர்ந்தது முழுவதும் மூன்று பேர் மடியில் அடங்கிவிடுகிறது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு பிரிவாகக் கேட்கலாம். அர்ஜென்டினாவின் டாங்கோ, பிரேசிலின் சாம்பா, ஸ்பெயினின் ஃபிளமெங்கோ, மெக்சிகோவின் ரான்செரா, போர்ட்டோ ரிக்கோவின் ரெகேட்டோன். இவற்றுக்குள் சொந்தமும் உண்டு, தீராத சண்டையும் உண்டு. கியூபாவின் சோன் இசை வந்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். அதில் ஓடிய பாங்கோஸ் சத்தம் எனக்குப் பழக்கமானது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எந்தத் தமிழ்க் காதுக்கும் பழக்கமானது. அந்த ஜோடிக் கொட்டின் பிறப்பிடம் கியூபாவின் கிழக்குப் பகுதி. சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களுக்கு அது எந்தெந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

இந்த விருது சும்மா கிடைத்துவிடவில்லை. கிராமி விழா 1959இல் தொடங்கியது. நியூயார்க்கின் மாம்போ இசைக்காரர்கள் அப்போது ஊரையே ஆட வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் லத்தீன் இசைக்கென்று ஒரு பிரிவு 1976 விழாவில்தான் வந்தது. அதன் முதல் விருதைப் பெற்றவர் பியானோக் கலைஞர் எடி பால்மியேரி. அந்த ஒரே ஒரு பிரிவுக்குள் சல்சாவும் மெக்சிகோவின் நாட்டுப் பாடலும் ஸ்பானிஷ் காதல் பாடலும் ஒன்றோடொன்று போட்டி போட வேண்டும். 1984இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். 1997இல் லத்தீன் அகாடமி தனியாக உருவானது. 2011இல் செலவையும் எண்ணிக்கையையும் குறைக்கப் போகிறோம் என்று கிராமி அமைப்பு 109 பிரிவுகளை 78 ஆக வெட்டியபோது, லத்தீன் ஜாஸுக்கான விருதும் அந்த வெட்டில் போயிற்று. கலைஞர்கள் தெருவில் நின்றார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். மறு வருஷமே அந்தப் பிரிவு திரும்பி வந்தது. போராடாமல் வாங்கிய இடம் இந்தக் கூடத்தில் எதுவும் இல்லை.

முதல் லத்தீன் கிராமி விழா நடந்தது இந்த அருங்காட்சியகத்துக்கு எதிரே தெரியும் பெரிய அரங்கத்தில்தான். 2000 செப்டம்பர் 13. அன்று அதன் பெயர் ஸ்டேபிள்ஸ் சென்டர், இப்போது கிரிப்டோ.காம் அரினா. டிம்பாலெஸ் கொட்டு மேதை டிட்டோ புவென்டே இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவருக்கான அஞ்சலியோடு விழா தொடங்கியது. சீலியா குரூஸும் குளோரியா எஸ்தஃபானும் ரிக்கி மார்ட்டினும் மேடையேறினார்கள். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சிகளில் ஒன்றான சி.பி.எஸ். முக்கியமான இரவு நேரத்தில் அதை ஒளிபரப்பியது. பாதிக்கு மேல் ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு அந்த நேரம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

அந்த இரவின் வெற்றியாளர்களில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் இப்ராஹிம் ஃபெரேர். சிறந்த புதிய கலைஞர் விருது அவருக்கு. வயது 73.

அவர் 1927இல் கியூபாவின் சாந்தியாகோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அநாதையானார். பிழைப்புக்காகப் பாடத் தொடங்கியவர், பல பத்தாண்டுகள் இசைக்குழுக்களில் பாடினார். அவர் உயிராக நினைத்தது பொலேரோ என்னும் மெதுவான காதல் பாடலை. அதற்கு உன் குரல் சரிவராது என்று சொல்லி, துள்ளல் பாட்டுகளையே அவருக்குக் கொடுத்துவந்தார்கள். 1990களில் பாடுவதை விட்டுவிட்டார். ஓய்வூதியம் போதாமல் ஹவானாவில் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். 1996இல் ஒருநாள் ஹவானாவின் எக்ரெம் ஸ்டுடியோவில் பழைய பாட்டுக்காரர்களைத் திரட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஒரு மென்மையான குரல் தேவைப்பட்டது. இசைக்கலைஞர் ஹுவான் தெ மார்க்கோஸ் கொன்சாலெஸ் அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். 1997இல் ‘பூயெனா விஸ்டா சோஷியல் கிளப்’ வெளிவந்தது. உலகம் அவரைக் கண்டுகொண்டது. இரண்டு வருஷம் கழித்து அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. வாழ்நாள் முழுக்க அவர் ஏங்கிய பொலேரோக்களை அதில் பாடியிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அவசரமே இல்லாத குரல், காலம் கடந்து வந்தாலும் கசப்பு ஒட்டாத குரல்.

வெற்றியாளர் வரிசையில் இன்னும் இருபத்திரண்டு வருஷம் தள்ளி வந்தால், அதே விருது இன்னொரு கியூபாக்காரருக்குப் போயிருக்கிறது. 2022இல் மெக்சிகோவின் இளம்பாடகி சில்வானா எஸ்த்ராதாவோடு அதைப் பகிர்ந்துகொண்டவர் ஆன்ஹெலா ஆல்வரெஸ். வயது 95. பிறந்த வருஷத்தைப் பார்த்தேன், 1927. ஃபெரேரும் இவரும் ஒரே தீவில் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

ஃபெரேர் தீவிலேயே இருந்தவர். ஆன்ஹெலா வெளியேறியவர். சின்ன வயதிலேயே கிடார் வாசிப்பார், பாட்டுக் கட்டுவார். பாடகியாக வேண்டும் என்றபோது அப்பா தடுத்துவிட்டார். வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பாடு, வெளியுலகத்துக்கு வேண்டாம் என்றார். அப்பாவின் மேல் உயிராக இருந்த மகள் கேட்டுக்கொண்டார். கல்யாணம், நான்கு பிள்ளைகள். புரட்சிக்குப் பிறகு 1960களின் தொடக்கத்தில் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். கூடவே போக வேண்டிய தாய் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். கொலராடோவில் ஓர் அநாதை இல்லத்தில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிறகு எப்படியோ அமெரிக்கா வந்து சேர்ந்த ஆன்ஹெலா, பிள்ளைகளுக்கு அருகில் இருப்பதற்காகத் துப்புரவு வேலை பார்த்தார். கணவரையும் மகளையும் புற்றுநோய் கொண்டுபோனது. இத்தனைக்கும் நடுவில் நோட்டில் பாட்டு எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தவர் இசையமைப்பாளரான அவருடைய பேரன். முதல் ஆல்பம் 2021இல் வந்தது. 2024 டிசம்பரில், 97 வயதில் அவர் காலமானார்.

இருவரும் எங்கோ சந்தித்திருக்கக்கூடும் என்றெல்லாம் கற்பனை செய்ய எனக்கு விருப்பமில்லை. அவர்களைப் பிரித்த கடல் 150 கிலோமீட்டர் அகலம்தான். அதைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த விருதின் சொந்தக் கதையே சாட்சி.

2001 விழாவை மியாமியில் நடத்துவதாக இருந்தார்கள். கியூபாவில் வாழும் கலைஞர்கள் அதில் கலந்துகொள்வதை மியாமியின் கியூபா அகதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அரங்கத்துக்கு எதிரே போராட்டம் என்று அறிவித்தார்கள். பாதுகாப்புக் கவலையால் விழா லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியது. புதிய தேதி செப்டம்பர் 11. அன்று காலை நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. விழா ரத்தானது. அக்டோபர் கடைசியில் இதே நகரத்தின் காங்கா ரூம் என்னும் இசை விடுதியில் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றில் பெயர்களைப் படித்தார்கள். ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சான்ஸுக்கு அந்த வருஷத்தின் பெரிய விருதுகள். கொலம்பியாவின் ஹுவானெஸுக்குச் சிறந்த புதிய கலைஞர் விருது. மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. இந்த வரலாற்றில் நான் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு நிகழ்ச்சி அதுதான்.

2003இல் ஒருவழியாக விழா மியாமிக்குப் போனது. கியூபா அகதியான பாடகி சீலியா குரூஸ் அந்த ஜூலையில்தான் இறந்திருந்தார். 1962இல் தன் தாயின் சாவுக்குக்கூடக் கியூபாவுக்குள் நுழைய அனுமதி கிடைக்காதவர் அவர். அகதிகளின் நகரம் அவருக்கு அஞ்சலி செலுத்தியது. அதே விழாவுக்குப் பரிந்துரையான கியூபாக் கலைஞர்களுக்கோ அமெரிக்க விசா கிடைக்கவில்லை. ஒரு பக்கம் தீவுக்குள் போக விடாத கதவு, இன்னொரு பக்கம் தீவிலிருந்து வர விடாத கதவு. 2004 பிப்ரவரியில் இப்ராஹிம் ஃபெரேர் கிராமி விருது வென்றார். அதை வாங்க இந்த நகரத்துக்கு வர அவருக்கும் விசா மறுக்கப்பட்டது. 76 வயதுக் கிழவர், கையில் எப்போதும் ஒரு கைத்தடி. அமெரிக்காவுக்கு அவரால் ஆபத்து என்று ஒரு கோப்பு சொன்னது. மறு வருஷம் ஆகஸ்டில் அவர் ஹவானாவில் இறந்தார்.

இந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் உடைகளுக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது இந்தப் பக்கங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விருது வாங்கியவர்களின் பட்டியல் யாரிடமும் கிடைக்கும். வாங்க வர முடியாமல் போனவர்களின் கதைதான் இந்த இசைக்கு இத்தனை ஆழத்தைக் கொடுத்தது. அர்ஜென்டினாவின் மெர்சிடெஸ் சோசா 2009 அக்டோபரில் இறந்தார்; நவம்பரில் சிறந்த நாட்டார் இசை ஆல்பம் அவருடையது என்று அறிவித்தார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் மேடையிலேயே கைது செய்யப்பட்டு, நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தவர் அவர்.

பிந்தைய வருஷங்களை நான் வேகமாகவே கடந்தேன். 2017இல் ‘டெஸ்பாசிட்டோ’ பாடலுக்கு நான்கு விருதுகள். 2019இல் ரெகேட்டோன் கலைஞர்களுக்குப் பெரிய பிரிவுகளில் இடமே இல்லை என்று டாடி யாங்கியும் ஜே பால்வினும் வெளிப்படையாகக் கொதித்தார்கள், மறு வருஷம் அதற்கென்று புதிய பிரிவு வந்தது. 2023இல் முதல் தடவையாக விழா அமெரிக்காவுக்கு வெளியே, ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போனது. எல்லாம் திரையில் பளபளவென்று ஓடுகிறது.

போன இடத்திலேயே ஒரு விஷயம் உறுத்தியது. முதல் விழாவில் ஃபோனோவிசா என்ற இசை நிறுவனம் கலந்துகொள்ள மறுத்தது. மெக்சிகோவின் மக்கள் இசையை, அதாவது நோர்த்தேன்யோ, பாண்டா, ரான்செரா போன்றவற்றை வெளியிட்டு வந்த நிறுவனம் அது. அமெரிக்காவில் விற்கிற லத்தீன் இசையில் பெரும்பங்கு எங்களுடையது, மேடையிலோ எங்களுக்கு ஓரம்தான் என்பது அவர்களின் புகார். லாஸ் ஏஞ்சலஸில் நின்றுகொண்டு அதைப் படித்தால் நியாயம் புரியும். ஓட்டல் சமையலறை, கட்டட வேலை, தோட்ட வேலை என்று திரும்பிய பக்கமெல்லாம் மெக்சிகோ மக்கள். அவர்களுடைய பாட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டேன்.

அதற்கும் அதே ரயில்தான். பீகோ நிலையத்தில் கிழக்கே போகிற ஈ லைன் ஏறினால், லிட்டில் டோக்கியோவைக் கடந்து, ஆற்றைக் கடந்து, பாயில் ஹைட்ஸ் பகுதியில் மரியாச்சி பிளாசா என்ற நிலையத்தில் இறங்கலாம். படியேறி வெளியே வந்ததும் ஒரு சதுக்கம். நடுவில் செதுக்கிய கல்லால் ஆன மண்டபம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் தந்தது. மரியாச்சி இசையின் தாய்மண் அது. பக்கத்தில் ரான்செராப் பாடகி லூச்சா ரேயெஸின் சிலை. மூலையில் 1889இல் கட்டிய பாயில் ஓட்டல் கட்டடம். வேலை தேடி வந்த இசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அறையெடுத்துத் தங்கியதால், அதை மரியாச்சி ஓட்டல் என்றே ஊர் அழைக்கிறது.

பிளாசாவின் ஓரத்தில் கருப்புக் கால்சட்டையும் குட்டைக் கோட்டும் போட்டு, வெள்ளிப் பொத்தான்கள் மினுங்க, வாத்தியப் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் மரியாச்சிகள். பிறந்தநாளோ, கல்யாணமோ, கருமாதியோ, ஆள் வேண்டியவர்கள் இங்கே வந்து பேசி அழைத்துப் போகிறார்கள். முகூர்த்த நாளுக்கு முன்பு நம்மூரில் மேளக்காரர்களைத் தேடிப் போவது போலத்தான்.

பெரிய வயிற்றோடு ஒரு கிடாரை மடியில் சாய்த்திருந்தவரிடம் போய் வணக்கம் சொன்னேன். அறுபது வயது இருக்கும். கிடார்ரோன் என்றார். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த வாத்தியங்களில் ஒன்று. இங்கே வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. கழுத்தில் தடுப்புக் கம்பிகள் கிடையாது, ஆறு தடித்த தந்திகள். அவர் இரண்டு தந்திகளை ஒரே சமயத்தில் பிடித்து இழுத்து விட்டார். ஒரே ஸ்வரம், கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்ந்து எழுந்தது. நான் உட்கார்ந்திருந்த கல் இருக்கையில் அது அதிர்ந்தது. கட்டைவிரலையும் நடுவிரலையும் நீட்டிக் காட்டினார். தோல் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. அப்பாவிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதாம். தாளில் எழுதிய ஸ்வரம் பார்த்து வாசிப்பதில்லை.

நாட்டி கானோ தெரியுமா என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. கானோ ஹலிஸ்கோவில் பிறந்து இந்த நகரத்துக்கு வந்தவர், லோஸ் காம்பேரோஸ் குழுவின் தலைவர். டெக்சஸில் ஓர் உணவகம் மெக்சிகோக்காரர்கள் என்பதற்காக அவர்களை வெளியே அனுப்பிய பிறகு, மரியாச்சியை மரியாதையோடு உட்கார்ந்து கேட்கிற ஓர் இடம் வேண்டும் என்று 1969இல் லா ஃபோண்டா என்ற உணவகத்தை இங்கே திறந்தார். லிண்டா ரொன்ஸ்டாட் 1987இல் தன் மெக்சிகோப் பாட்டன் பாட்டி காலத்துப் பாட்டுகளைப் பாடிய ஆல்பத்தில் வாசித்தவர்களில் இந்தக் குழுவும் உண்டு. 2009இல் லோஸ் காம்பேரோஸுக்குக் கிராமி கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து கானோ இறந்தார். கிடார்ரோன்காரர் வாத்தியத்தின் மேல் கையை வைத்து, அவர் எங்களுக்கு முதுகை நிமிர்த்தி உட்காரக் கற்றுக்கொடுத்தவர் என்றார்.

லத்தீன் கிராமி நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்ப்பீர்களா என்று கேட்டேன். அன்றைக்கு வேலை இல்லையென்றால் வீட்டில் பேத்திகள் போடுவார்களாம், உடைகளைப் பார்க்க. நவம்பரில் பொதுவாக வேலை இருக்கும் என்றார். இசைக்காரர்களின் காவல் தெய்வம் புனித செசிலியா. திருநாள் நவம்பர் 22. அன்று இந்த பிளாசாவில் எல்லாக் குழுக்களும் கூடி அவருக்காக வாசிக்கும். நீங்களும் வாருங்கள், காலையிலேயே வந்துவிடுங்கள் என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, பதினைந்து வயதுப் பிறந்தநாள், சாயங்காலம், ஐந்து பேர் வேண்டும் என்றார். கூலி பேசினார்கள், குரல் உயர்ந்தது, சிரிப்பில் முடிந்தது. டிரம்பெட்டுக்கு ஆள் இல்லை. சதுக்கத்தின் மறுகோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவன் பாதிச் சாப்பாட்டைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். முன் இருக்கையை கிடார்ரோனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்து பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். வேன் கிளம்பும் முன்பே டிரம்பெட்காரன் பெட்டியைத் திறந்து ஊதிப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.